பயந்த டாக்டர்

கோலா சிலாங்கூர் பழைய டவுனில் 'பயந்த டாக்டர் கிளினிக்' எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். அவருடைய உண்மையான பெயர் பலகையில் எழுதியிருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் அவர் காதுபடவே அப்படிச் சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. இருப்பதைத்தானே சொல்கிறார்கள் என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டிக்கொள்வார்.

அவரிடம் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, எங்கள் குடும்பம் செம்பனைத் தோட்டத்து லயத்தை விட்டு டவுன் குடியிருப்பில் ஒரு தாமான் வீட்டுக்குக் குடிவந்த புதிது. முதல் நாள் எனக்குத்தான் அவரைப் பார்த்துப் பயம். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். மூட்டை தூக்குகிறவர் போன்ற தோள். அடர்ந்த மீசை. அந்த உடம்புக்குள்ளிருந்து வந்த குரலோ, பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலத் தணிந்து இருந்தது.

ஒரு வாரத்துக்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு இடி என்றால் பயம். எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் இடி இடிக்காத நாள் குறைவு. வானம் கறுத்ததுமே ஈசிஜி இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளி அறையின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொள்வார். புக்கிட் மெலாவத்தி குன்றுக் குரங்குகளுக்கு வெளியூர்க்காரர்கள் பயறு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள, இவர் காரை விட்டு இறங்காமல், காடிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சுற்றிப் பார்க்கப் போன மனைவி திரும்பி வரும்வரை உள்ளேயே இருப்பார். எல்லாவற்றையும்விட, செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்திப் போக அவருக்குத் தைரியம் வராது. ஜெராமில் ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டினால் அதே லோரிக்குப் பின்னால்தான் டவுன் வரைக்கும் வருவார். நோயாளிகள் காத்துக் கிடப்பார்கள். வந்ததும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பயங்கள். நோயாளியின் முன்னால் உட்கார்ந்ததும் வருகிற பயம் வேறு. மற்ற டாக்டர்கள் 'ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க' என்று சொல்லும் இடத்தில், இவர் நோயாளியின் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குப் பயமா இருக்கு" என்பார். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் வெளுத்துப்போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், டாக்டரே இப்படிச் சொன்னால் நான் எங்கே போவது என்று அழுதுகொண்டே எழுந்து வேறு கிளினிக்குக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணின் எண்ணைக் கண்டுபிடித்து என்னை அழைக்கச் சொன்னார். பிள்ளைக்குச் சாதாரணச் சளிதான்.

டெங்கி காலத்தில் அவரோடு வேலை செய்வது பெரிய பாடு. காய்ச்சல் என்று வருபவர்களுக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கைக்கடக்கமான ஒரு வெள்ளைப் பெட்டியின் ஓட்டையில் சொட்டு விடுவோம். அதன் ஜன்னலில், எப்போதும் விழுகிற சரிபார்ப்புக் கோட்டைத் தவிர, வேறு கோடு விழுகிறதா என்று பார்ப்போம். முதல் நாட்களில் கிருமியின் துணுக்கைத் தேடும் கோடு ஒன்று. பிறகு உடம்பே கிருமிக்கு எதிராகச் செய்துகொள்கிற ஆன்டிபாடிகளைத் தேடும் கோடுகள். எந்தக் கோடும் விழாவிட்டால் மற்றவர்கள் நோயாளியை அனுப்பிவிடுவார்கள். இவர் நாளைக்கு வா, நாளை மறுநாள் வா என்பார். வராதவர்களுக்கு என்னை விட்டுப் போன் செய்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டி அருகே குனிந்து, மூச்சுக்கூட அதன்மேல் படாமல் அவர் காத்திருப்பதைப் பார்த்தால் அந்த எரிச்சல் போய் நானும் அவர் பக்கத்தில் குனிந்துவிடுவேன்.

நெஞ்சு வலிக்காரர்களுக்கும் அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற ஒரு புரதத்தை அது தேடும். அந்தப் பெட்டியால்தான் ஆட்டுக்காரப் பெரியவர் விவகாரம் வந்தது.

பெரியவர் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிசைகிறது என்று வந்தார். பெட்டியில் கோடு பளிச்சென்று விழுந்தது. டாக்டர் உடனே ஆம்புலன்சை வரவழைத்து அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு இதயத்தின் ரத்தக் குழாய்களையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். அடைப்பு எதுவும் இல்லை. வலி வாயுவால் வந்தது. பெரியவர் திரும்பி வந்ததும் நேராக கிளினிக்குக்கு வந்து, காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"தொடையில ஓட்டை போட்டு உள்ள பாத்தானுங்க டாக்டரு. ஒண்ணும் இல்லையாம். நீங்க பயந்ததுக்கு நான் ஏன் படுக்கணும்?"

டாக்டர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அதோடு விடாமல் ஞாயிற்றுக்கிழமை பழக் கூடையோடு பெரியவரின் வீட்டுக்கும் போனார். ஆடுகள் சுற்றி நின்றதால் காடியை விட்டு இறங்க முடியாமல் ஹாரன் அடித்தாராம். பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, ஆடுகளை விரட்டி அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள்.

ஆனால் கோடு ஏன் விழுந்தது என்ற கேள்வி டாக்டரை விடவில்லை. ஆஸ்பத்திரி மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து ஒரு நாள் எனக்குச் சொன்னார். இப்படிச் சில விஷயங்களை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் அவருக்கு.

"பேப்பர்ல ஒட்டியிருக்கிற ஆன்டிபாடி ஒரு கைன்னு வச்சிக்குங்க. நெறத்தச் சுமந்துக்கிட்டு ஓடி வர்றது இன்னொரு கை. ரெண்டு கையும் அந்தப் புரதத்தப் பிடிச்சாத்தான் கோடு. பெரியவர் ரத்தத்துல இருந்த வேற ஏதோ ஒண்ணு, புரதமே இல்லாம ரெண்டு கையையும் கோத்து விட்டுருக்கு. மிருகங்களோட பழகுறவங்களுக்கு அப்படி வரலாமாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லாததக் காட்டுனா, இருக்கிறத மறைக்காதா?" என்றார்.

அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை. அதுவரை கோடு விழுந்தால்தான் பயம் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து கோடு விழாத பெட்டியைப் பார்த்தாலும் எனக்குப் பயம் வந்தது. அவர் இன்னொரு கம்பெனியின் பெட்டியையும் வாங்கி வைக்க ஆரம்பித்தார். அதில் ஆன்டிபாடிகள் கூடுதல். புரதத்தின் ஒரே இடத்தை நம்பாமல் நடுவிலும் ஓரத்திலுமாகப் பல இடங்களில் பிடிக்கும் என்றார். நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பெட்டிகளைக் கொண்டுவரும் சீன இளைஞர், நாட்டிலேயே இப்படி வாங்குகிற கிளினிக் இது ஒன்றுதான் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

என் தங்கை தேவி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுவதைத் தவிர அவளுக்கு வேறு நோய் கிடையாது. நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மதியம், கிளினிக் மூடப்போகிற நேரத்தில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. ஒரு கை கழுத்துக்குப் பின்னால் இருந்தது.

"காத்துதான்க்கா. நேத்து கெராங் சிப்பி சாப்பிட்டது ஒத்துக்கல. முதுகுல வந்து பிடிச்சிக்கிச்சி. ஒரு மாத்திர குடு லா, போயிடறேன்."

நான் மாத்திரை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அறைக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்துவிட்டார். அவள் நின்ற விதத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. உள்ளே படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார். அதில் தெளிவாக எதுவும் இல்லை. ரத்தம் எடுத்து இரண்டு பெட்டியிலும் விட்டார். நேரம் ஆகியும் முதல் பெட்டியில் அந்தக் கோடு விழவில்லை. தேவி எழுந்து செருப்பை மாட்டினாள். வலி குறைந்துவிட்டது, பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்கும் என்றாள்.

டாக்டர் இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னல் அருகே போனார். வெளியே மழைக்கு முந்திய இருட்டு. என்னைக் கூப்பிட்டு, கோடு தெரிகிறதா என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. என் தங்கையின் பெட்டி அது. அதில் கோடு இருக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தால் கண் எப்படி நேராகச் சொல்லும்? தெரியவில்லை டாக்டர் என்றேன்.

"எனக்குத் தெரியுது" என்றார். "தெரியணும்னு பாக்குறதால தெரியுதான்னுதான் தெரியல."

அதற்குள் முதல் இடி விழுந்தது. அவர் கம்பியைப் பிடுங்கப் போகவில்லை. தேவிக்கு ஆஸ்பிரின் கொடுத்து மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்சுக்கு அவரே போன் செய்தார்.

நான் தேவியோடு ஆம்புலன்சில் போனேன். உள்ளூர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்த இளம் மலாய்ப் பெண் மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். ரத்தம் எடுத்து அங்கிருந்த இயந்திரத்தில் போட்டார்கள். எல்லாம் சரியாக இருப்பதாக வந்தது. சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சரி. முதுகுத் தசைப் பிடிப்பாக இருக்கலாம், வீட்டுக்குப் போகலாம், வலித்தால் உடனே வாருங்கள் என்றார் அந்த மருத்துவர். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் தேவியின் மேலுதட்டில் வியர்வை பூப்பதும் காய்வதுமாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாராவது என்னிடம் உறுதியாக ஒன்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

அப்போதுதான் டாக்டர் வந்து சேர்ந்தார். மழையில் முழுக்க நனைந்திருந்தார். கையில் குடை இருந்தது, விரிக்காமல். குடைக் கம்பியில் மின்னல் இறங்கிவிடும் என்று வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, மிச்சமிருந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன், வழியெல்லாம் முன்னால் ஒரு லோரி என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய பெட்டியை எடுத்து மலாய் மருத்துவரிடம் காட்டினார். நேரம் கடந்து பார்த்தால் இந்தக் கோட்டுக்கு அர்த்தம் கிடையாதே என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். ஆமாம், நீங்கள் சொல்வது சரி என்று இவரும் ஒப்புக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார்கள். உங்கள் இயந்திரத்தின் ஆன்டிபாடிகள் புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கின்றன என்று இவர் கேட்டதும், அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானும் ஒரு யோசனை சொன்னதும் எனக்குப் புரிந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேறு கம்பெனி இயந்திரம் இருக்கிறது, அங்கே ரத்தத்தை அனுப்புகிறேன், முடிவு வரும்வரை நோயாளி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

இருக்க மாட்டேன் என்றாள் தேவி. கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை அவளே பிய்த்துவிட்டாள். ஊரெல்லாம் சொல்வது சரிதான், இந்த மனுஷன் பயந்து பயந்து எல்லாரையும் நோயாளி ஆக்குகிறார் என்று என் காதோரம் சொன்னாள். அவருக்கும் அது கேட்டது.

அவர் கட்டிலுக்கு அருகே வந்து நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "நான் தப்பா இருந்தா நாளைக்கு நீ என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இப்ப நீ எழுந்து போனா என்னால தாங்க முடியாது. எனக்காக இரு."

அவர் கண்களில் தண்ணீர் நின்றது. தேவி என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். அவர்மேல் நம்பிக்கை வந்து படுக்கவில்லை. பாவமாக இருந்தது, அதனால் படுத்தேன் என்று பிற்பாடு சொன்னாள்.

முடிவு வரும்வரை அவர் வராந்தா நாற்காலியில் கைகளைத் தொடைகளுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப்போடும். ராத்திரி வெகுநேரம் கழித்து அந்த மலாய் மருத்துவர் வேகமாக நடந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு இயந்திரத்தில் அந்தப் புரதத்தின் அளவு மிக அதிகம். தேவியை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் முன்பக்கக் குழாய் ஏறக்குறைய மூடிக் கிடந்தது. அதைத் திறந்து உள்ளே ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்தார்கள்.

சில நாள் கழித்து இதய மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். தேவியின் ரத்தத்திலேயே அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்திருக்கின்றன. அவை புரதத்தின் நடுப்பகுதியைப் போர்த்தி மூடிவிட்டன. அந்த இடத்தைப் பிடித்துப் பார்க்கும் சோதனைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓரங்களிலும் பிடிக்கிற சோதனைக்குத் தெரிந்தது. அபூர்வமாக இப்படி நடக்கும், யார்மேலும் தப்பில்லை என்றார். அவளுடைய உடம்பே அவளுடைய நோயை மூடி வைத்திருந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் குலை நடுங்கும்.

இதற்குப் பிறகு டாக்டர் கொஞ்சம் தைரியமாகியிருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஊரில் மரியாதை கூடியது. செகிஞ்சானிலிருந்தும் ராசாவிலிருந்தும்கூட நோயாளிகள் வந்தார்கள். உங்கள் பயம்தான் எங்களுக்கு வேண்டும் டாக்டர் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

அந்த ஒரு தடவை அவர் பயம் சரியாக இருந்ததுதான் அவரைக் கெடுத்தது. அதுவரை பயந்தாலும், கடைசியில் ஒரு சோதனை முடிவைப் பார்த்து மனசை ஆற்றிக்கொள்ள அவருக்கு முடிந்தது. இப்போது எந்த முடிவும் அவரை ஆற்றவில்லை. நல்லபடியாக வந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குள் என்ன மூடிக் கிடக்கிறதோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வயிற்று வலிக்காரரை மாலைவரை உட்காரவைத்துவிடுவார். வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கு போன் செய்து மூச்சு விட முடிகிறதா என்று கேட்பார். சிலர் திட்டினார்கள், சிலர் எண்ணை மாற்றினார்கள். அவர் மனைவி பகலில் கிளினிக்குக்கு வந்து அறைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். டாக்டர் போனை எடுத்தால் மெதுவாக வாங்கி வைத்துவிடுவார்.

ஒரு நாள் அந்த அம்மாவிடம், எப்போதிருந்து இப்படி, ஏதாவது நோயாளி இறந்துபோனாரா என்று கேட்டேன். அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்றார். கல்யாணம் ஆனபோதே இப்படித்தானாம். மாமியாரைக் கேட்டபோது, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றாராம்.

கடைசியில் கிளினிக்கை மூடிவிட்டு ஈப்போவில் மகன் வீட்டோடு போவது என்று முடிவானது. அந்த வாரம் தேவி ரவாங்கிலிருந்து வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவர் வழக்கம்போல அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளாமல் பேசினாள்.

"நான் உயிரோட இருக்கேன் டாக்டர். ஆனா தூங்க முடியல. நெஞ்சுல சின்னதா ஒண்ணு இழுத்தாலும் எழுந்து உக்காந்துக்கிறேன். எந்த ரிப்போர்ட்டையும் நம்ப முடியல. உங்க பயத்த என்கிட்ட குடுத்துட்டீங்க."

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"தெரியும்மா" என்றார். "அத மட்டும் எடுக்க எனக்குத் தெரியல."

தேவி குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய், தலை சுற்றும், குனியாதே என்று அவளைத் தூக்கி நிறுத்தினார்.

போன வருடம் ஈப்போவிலிருந்து தகவல் வந்தது. நானும் தேவியும் போனோம். காரியமெல்லாம் முடிந்து வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. அந்த அம்மா கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். தேவி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பயந்தாரா ஆன்ட்டி?"

அந்த அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தெரியலம்மா. காலையில பாக்கிறேன், என் கையப் பிடிச்சிக்கிட்டு இருக்கார். தெனமும் அப்படித்தான் தூங்குவார். நானும் தூங்கிட்டேன். என்னை எழுப்பிப் பாத்தாரோ என்னவோ."

சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் கிளம்பும்வரை அதை விடவில்லை.